அட்டை காட்ட வேண்டியவர்

நோர்வேயில் முதல் கைத்துப்பாக்கி வாங்க விரும்புபவர், துப்பாக்கி சுடும் கழகமொன்றில் ஆறு மாதமாவது பயின்ற பிறகே பொலிஸிடம் அனுமதி கேட்கலாம். யாழ்ப்பாண அரச செயலகமான கச்சேரியில் முப்பது வருடம் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்த எனக்கே இந்த விதியில் ஓட்டை தெரியவில்லை. அக்காவின் மகள் பிருந்தா கழகத்தில் சேர்ந்து இது ஏழாவது மாதம். போரில் துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் வீட்டுக்குள் துவக்கா என்று கேட்கும் அக்கா, அவளைத் தடுக்கவே என்னை ஒஸ்லோவுக்கு அழைத்திருக்கிறாள்.

ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லிக்குக் கிட்ட, நிலத்துக்குக் கீழே கழகத்தின் நீண்ட சுடுகூடம். வாங்குமுன் பழகிப் பார்க்கக் கழகம் மூன்று துவக்குகளைத் தந்திருக்கிறது. முதலாவது அவள் கைக்குப் பாரம். இரண்டாவதின் பிடி பெரிது. மூன்றாவதால் ஐந்து முறை சுட்டுவிட்டு, ரவைக்கூட்டைக் கழற்றி, எனக்குக் காட்டுவதற்காக மேசையில் வைக்கிறாள். அதற்குள் என் கை சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டது.

பிருந்தா சிரிக்கவில்லை.

"மாமா, இஞ்சை துவக்கு வச்சிருக்கிறவைதான் அட்டை காட்டோணும்."

"ஊர்ச் சோதனைச்சாவடிப் பழக்கம், பிள்ளை."

"அம்மாவும் இப்பிடித்தான். அவவிட்டை என்ன சொல்லப்போறியள்?"

அட்டையைப் பைக்குள் வைக்கிறேன். "முதல்லை உன்ரை விண்ணப்பத்தைக் காட்டு."

பயிற்சிப் பதிவை அவள் இணைக்கவில்லை. இணைக்கச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு கதைப்பதில்லை. ஊர் திரும்பி அவளுக்கு மூன்று கடிதங்கள் எழுதுகிறேன். பிள்ளைக்கு அனுமதி கிடைத்துவிட்டது, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள் என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது, தைப்பொங்கலுக்கு முதல்நாள்.