பொயிலர் அறை முருகன்

பின்னேரமானால் துஷியந்திக்குத் தலையிடிக்கும், வயிற்றைப் பிரட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் துள்ளிக்கொண்டு திரிகிறவள், வீட்டுக்கு வந்துதான் வாடுவாள். டொக்டர் வைரஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஊரில் எதைக் கேட்டாலும் வைரஸ்தான்.

பக்கத்து வீட்டு பெர்னடெற்தான் தாய் பாலாம்பிகையைப் பயமுறுத்திவிட்டாள். "உங்கட பொயிலரை ஒருக்காப் பாரும். பழைய காஸ் பொயிலர் நச்சுப்புகை விடுமாம். கண்ணுக்கும் தெரியாது, மணமும் வராதாம்."

அன்றிலிருந்து பாலாம்பிகைக்குச் சோறு இறங்கவில்லை. லண்டன் கிங்ஸ்பரியில் அந்த வீட்டை வாங்கிய நாள் முதல், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் அந்தப் பொயிலர் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே நன்றாகச் சூடேறுவது அந்த அறைதான். அதனால் சாமிப் படங்களும் அங்கேதான் குடியிருந்தன. பிள்ளை பாயை விரித்து வீட்டுப்பாடம் செய்வதும் அங்கேதான்.

பொயிலரை மாற்றக் கணவன் யோகராஜா உடனே சம்மதித்தான். யாரைக் கொண்டு மாற்றுவது என்பதில்தான் இழுபறி.

"செல்வரத்தினம் அண்ணை இருக்கேக்கை வேறை ஆளோ? ஹீத்ரோவிலை வந்து இறங்கின எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தன்ர வீட்டிலை வைச்சிருந்த மனுசன். பிறகு எந்த முகத்தோடை அவரைப் பாக்கிறது?" என்றான் யோகராஜா.

செல்வரத்தினத்துக்கு காஸ் வேலைக்குச் சட்டப்படி வேண்டிய பதிவு எதுவும் கிடையாது. ஆனால் அவர் இருக்கும் ஈஸ்ட் ஹாமின் தமிழ் வீடுகளில் குழாய் ஒழுகினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். பொயிலர் அறைக்குள் போகாமல், நிலைப்படியில் நின்று கைகூப்பிவிட்டு, கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"பழசைக் கழட்டிப்போட்டு அந்த இடத்திலேயே புதுசை வைச்சாச் சரி. சாமியளை அசைக்கத் தேவையில்லை, பிள்ளை."

பாலாம்பிகைக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சாமியைப் பற்றி யோசிக்கிற பொயிலர்காரன் லண்டனில் வேறு யார் கிடைப்பான்? வேலை அவருக்குத்தான் என்று முடிவு செய்தாள். ஆனால் அவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போன கையோடு துஷியந்தி வயிற்றைப் பிரட்டிச் சத்தியெடுத்தாள். முடிவு செய்த மனதை மறுபடியும் பயம் வந்து பிடித்துக்கொண்டது.

மறுநாள் கணவனுக்குத் தெரியாமல், பெர்னடெற் சொன்ன பதிவுபெற்ற ஆளுக்குப் போன் எடுத்தாள். வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். கத்தரின் என்று பெயர். நீல மேலுடை, பெரிய பூட்ஸ். பூட்ஸைக் கழற்றச் சொன்னபோது முகத்தைச் சுளித்தபடி கழற்றினாள். பாலாம்பிகைக்கு அவளைப் பிடிக்கவில்லை.

கத்தரின் பொயிலரைப் பார்த்தாள். பின்பக்கமாக வெளியே போய்ச் சுவரைப் பார்த்தாள். திரும்பி வந்து, வெளிச்சுவரில் காற்றுத் துவாரம் இருக்கிறதே, உள்ளே அது எங்கே என்று கேட்டாள். பிறகு, சுவரில் மாட்டியிருந்த பெரிய முருகன் படத்தைக் காட்டிக் கழற்றச் சொன்னாள்.

"அது ஏலாது எண்டு சொல்லு" என்றாள் பாலாம்பிகை, மொழிபெயர்க்க நின்ற மகளிடம்.

"அம்மா, ஷீ ஸேஸ், பாக்காமல் ஒண்டும் செய்யமாட்டாவாம்."

பாலாம்பிகை கையைக் கழுவிக்கொண்டு வந்து, முருகனைத் தானே இறக்கினாள். படத்துக்குப் பின்னால் துவாரம் இருந்தது. அதற்குள் பழைய சேலைத்துண்டு இறுக்கி அடைத்திருந்தது. அவளுடைய சேலைதான், அவள் அடைத்ததுதான். குளிர் தொடங்கியபோது அந்தத் துவாரத்தால் வந்த காற்று ஒவ்வொரு நாளும் விளக்கை அணைத்தது. பிள்ளை முன்னால் இருக்கும்போது சாமி விளக்கு அணைவதை அவளால் தாங்க முடியவில்லை. துணியை அடைத்து, அதற்கு மேல் படத்தையும் மாட்டிவிட்டாள். பிறகு அதை அடியோடு மறந்தும் போனாள்.

கத்தரின் பொயிலரை நிறுத்தினாள், யன்னல்களைத் திறந்தாள். நெருப்புக்குக் காற்று வேண்டும், அது கிடைக்காவிட்டால் புகை அறைக்குள்ளேயே திரும்பும் என்றாள். பிள்ளையை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, துஷியந்தியின் முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார்கள். பாலாம்பிகை மகளின் காலைப் பிடித்தபடி அழுதாள். பிள்ளையைக் காப்பாற்றவென்று ஆள் தேடி அலைந்தவள், அவளுக்கு நஞ்சூட்டிக்கொண்டிருந்தது தன் கைதான் என்பதை எப்படித் தாங்குவாள்?

வெளியிலிருந்து தானே காற்றை எடுக்கிற புதுப் பொயிலரைக் கத்தரின்தான் பொருத்திப் பூட்டுவது என்று முடிவாயிற்று. இனிச் செல்வரத்தினத்துக்குச் சொல்ல வேண்டும். யோகராஜா நைசாக ஷிப்டுக்குக் கழன்றுவிட்டான். பாலாம்பிகைதான் போன் எடுத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். கோபிப்பார் என்று காத்திருந்தாள். அவர் கோபிக்கவில்லை.

"நானும் அண்டைக்கு அந்தப் படத்துக்குப் பின்னாலை பாக்கத்தான் நினைச்சனான், பிள்ளை."

"பிறகேன் அண்ணை பாக்கேல்லை?"

"மத்தியானம் மீன் சாப்பிட்டிட்டு வந்தனான். மச்சம் சாப்பிட்டிட்டு எப்பிடிச் சாமி அறைக்குள்ளை போறது?"

அவரைத் திட்டப் பாலாம்பிகைக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"இனி எந்த வீட்டுக்குப் போனாலும், மச்சம் சாப்பிட்டிருந்தாலும் உள்ளை போய்ப் படத்தைக் கழட்டிப் பாருங்கோ, அண்ணை" என்றாள். "முருகனுக்கு நான் பதில் சொல்லுறன்."