ஆள்காட்டி விரல் போகும் தூரம்

நாகலூரை அடுத்த காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது, ஆபீசில் ஒரு தோட்டாத் துப்பாக்கி இருந்தது. ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. முதலாளி யாரிடமோ மலிவாக வாங்கி மலைக்கு அனுப்பியிருந்தார். சுற்றியிருந்த எஸ்டேட்டுகளில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போடும் துப்பாக்கிதான் என்பதால் எல்லோருக்கும் அதில் பெருமை. எனக்கு மட்டும் கவலை. அது என் அறை பீரோவில்தான் இருந்தது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தோட்டாக்களை எண்ணுவேன். எண்ணிவிட்டுப் பூட்டுவேன். பூட்டிவிட்டு, சரியாக எண்ணினோமா என்று திறந்து மறுபடி எண்ணுவேன்.

அதைச் சுட லைசென்ஸில் இரண்டு பெயர்களுக்குத்தான் அனுமதி. ஒருவர் மேனேஜர். மற்றவர் காவல்காரர். மாரமங்கலத்துக்காரரான அவர் பதினோரு வருடமாக எஸ்டேட்டுக்குக் காவல். மனைவியோடு எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருந்தார். அந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற லைன்தான் வசதி. கன்றுகளைக் கிளற வரும் காட்டுப்பன்றி ஒன்றுக்குத் தோட்டா ஒன்று என்பது அவர் வழக்கம். வெடித்த தோட்டாவின் கூட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் நிறுத்தி வைப்பார்; நான் குறித்துக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம் அந்த வழக்கம் கெட்டது. மூன்று சாயங்காலங்களில் ஐந்து கூடுகள் மேசைக்கு வந்தன. பன்றி ஒன்றுகூட விழவில்லை. புதிதாக நட்ட கன்றுகளில் நாற்பத்து மூன்றைக் கிளறிப் போட்டிருந்தன.

பழம் பறிக்கிற பெண்கள் விடுவார்களா?

"ஏனுங்க, பன்னி உங்களுக்குக் கும்புடு போட்டுட்டுப் போச்சாமா?"

"நாந்தானுங்க அதுக்குப் போட்டேன். பெரிய பன்னிங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். சிரிப்பார். ஆனால் நடை வேகமாக இருக்கும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரைட்டர், அவருக்குக் கண்ணு போச்சு. மாசக் கடைசியோட நிறுத்திரலாம். லைன் ஊட்டையும் காலி பண்ணச் சொல்லிருங்க."

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்றே லைனுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை லைன் வழியாகப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து காவல்காரர் தன் மனைவிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பனி இறங்கி வெளிச்சம் மங்கிய நேரம். ஒரே தடவையில் கோத்தார். நூல் கோக்கிற கண்ணுக்குப் பன்றியா தெரியாது? மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "ஊசி ஓடாதுங்களே ரைட்டர்" என்றார். பிறகு, நான் நாலு நாள் விடாமல் நச்சரித்ததால், துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார்.

துப்பாக்கிக் குழாயின் வாயருகே உட்புறம் ஒரு நூலளவு குறுகும். அதைச் சோக் என்பார்கள். தோட்டாவிலிருந்து கிளம்பும் ஈய ரவைகள் கண்டபடி சிதறாமல் கட்டி அனுப்புவது அதன் வேலை. அதில் ஈயம் படிந்தாலும், நசுங்கினாலும், உப்பினாலும் ரவைகள் தறிகெட்டுப் போகும். நான் முதலில் சந்தேகப்பட்டது ஈயத்தை. மண்ணெண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பித் தூரிகையால் இருநூறு தடவை இழுத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. ஆகவே அழுக்கு இல்லை.

மறுநாள் காலை, காப்பிக் களத்தின் ஓரத்தில் இரண்டு மூங்கில் நட்டு, சாக்கைக் கட்டி, அதன்மேல் மைதாப் பசையால் செய்தித்தாள்களை ஒட்டினேன். கயிற்றின் ஒரு நுனியில் கரித்துண்டைக் கட்டி வட்டம் போட்டேன். சுடும் தூரம் நாற்பது கெஜம், என் நடையில் நாற்பத்தெட்டு எட்டு. சோதனைக்கென எடுத்த சிறு ரவைப் பறவைத் தோட்டா ஒன்றைப் பிரித்து ரவைகளை எண்ணிப் பார்த்தேன். நூற்று எழுபத்தெட்டு.

முதலில் காவல்காரர் சுட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வட்டத்துக்குள் அறுபத்து மூன்று ஓட்டைகள். பாதிகூட இல்லை. அதைவிட மோசம், நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்கு இடம் சுத்தமாகக் காலி. ஒரு பன்றி தாராளமாக நிற்கலாம்.

"பாத்தீங்களா, கண்ணு போச்சு" என்றார் மேனேஜர்.

"கண்ணு போயிருந்தா ரவையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி விழுந்திருக்குமுங்க. இது சுத்தி வர ஒரே மாதிரி விழுந்திருக்குது, நடுவுலதான் ஓட்டை. நீங்க சுட்டுப் பாருங்க" என்றேன்.

புதுத் தாள் ஒட்டினேன். இரண்டு காப்பி மூட்டைகளைப் போட்டு, துப்பாக்கி ஆடாமல் அதன்மேல் கிடத்தி, மேனேஜர் குறி பார்த்துச் சுட்டார். ஐம்பத்தெட்டு. நடுவில் அதே தாம்பாளம்.

மேனேஜர் அந்தக் காலி இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அப்ப எனக்கும் கண்ணு போச்சா?" என்றார். காவல்காரர் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, முன்னால் இருக்கிற மூடியைத் திருகிக் குழாயைத் தனியே கழற்றினோம். அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். நல்ல குழாயில் வெளிச்சம் ஒரே கோடாக ஓடும். இதில் வாயருகே ஒரு இடத்தில் கோடு உடைந்து, மோதிரம் மாதிரி ஒரு நிழல் விழுந்தது. வெளிப்புறம் தடவினால் மெல்லிய மேடு. குழாய் உப்பியிருந்தது.

"வாயில மண்ணு அடச்சிருந்தது தெரியாம சுட்டிருக்காரு" என்றார் மேனேஜர். "கண்ணு போனதவிட இது மோசம். குழாய் வெடிச்சிருந்தா? இனி ஒரு நாளும் வேண்டாம்."

காவல்காரர் கழற்றிய மூடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் உப்பல் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளக்க ஆள்காட்டி விரலை விட்டேன். விரல் முழுவதும் போய், நுனி சரியாக அந்தப் பள்ளத்தில் நின்றது. அந்த இடம் என் விரலுக்குத் தெரிந்த இடம்.

ஐப்பசி முழுக்கப் பனி ஆபீஸ் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. துப்பாக்கி துருப்பிடிக்குமே என்ற கவலையில், சாக்குத் துணியை உருண்டையாகச் சுருட்டி, குழாயின் வாயில் விரலால் அழுத்தி வைப்பேன். விரல் போகிற மட்டும். வெளியே தெரியாது. காவல்காரர் கேட்டு வரும்போது கம்பி போட்டு நானே எடுத்துவிட்டுக் கொடுப்பேன். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் நான் ஒண்டிக்கடைப் பஜாருக்குப் பஸ்ஸில் போய்விட்டேன். அன்றைக்கு மேனேஜர்தான் பீரோவைத் திறந்து துப்பாக்கியைக் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தபோது உருண்டை இல்லை. மேனேஜர் எடுத்துப் போட்டிருப்பார் என்று இருந்துவிட்டேன். வேறு உருண்டை செய்து வைத்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அந்த ஒன்றை எண்ணவில்லை.

விரலை வெளியே எடுக்காமலே சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

மேனேஜர் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "பொணத்துக்குத்தான் மூக்குல பஞ்சு வெப்பாங்க ரைட்டர். நீங்க உசுரோட இருக்கற துப்பாக்கிக்கு வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஆளுக்கு ஒண்ணும் ஆகல. அது போதும்" என்றார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. அந்த உருண்டையோடு சுட்ட அன்று பீரோச் சாவி அவர் கையில்தான் இருந்தது.

லைன் வீட்டைக் காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க லைனுக்குப் போனேன். காவல்காரர் என்னைப் பேச விடவில்லை.

"சாக்கு கருகுன வாடை அன்னிக்கே வந்துச்சுங்க. துண்டு ஒண்ணு கீழ கெடந்து பொகஞ்சுது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? வேலையே போக இருந்துச்சே!"

"சொல்லியிருந்தா நீங்க சோறு திங்க மாட்டீங்க. நொம்பக் கவலப்படற ஆளு. இவ சொன்னா, அந்த ஐயா வெசனத்துலயே படுத்துருவாரு, சொல்லாதீங்கன்னு."

உள்ளே இருந்து அந்த அம்மா, "நான் சொன்னது குழா கெட்டுப் போச்சுன்னு தெரியறதுக்கு முந்திங்க சாமி. ஊடு போவுமுன்னு தெரிஞ்சப்பறம் தெனமும் சொல்லுங்கன்னுதான் சண்ட போட்டேன்" என்று இரைப்புக்கிடையில் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

சேலத்தில் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவர் உப்பிய பகுதியை அறுத்தெடுத்தார். குழாய் மூன்றரை அங்குலம் குறைந்தது. லைசென்ஸில் நீளத்தைத் திருத்தி வாங்க நான் நான்கு தடவை மலையிறங்கினேன். சோக் போய்விட்டதால் ரவை கொஞ்சம் பரவும். "பரவாயில்லீங்க, நாலு எட்டு கிட்டப் போய்க்கறேன்" என்றார் காவல்காரர்.

அதற்குப் பிறகு குழாய்க்குள் ஒன்றும் வைப்பதில்லை. பனிக்கு, ஒரு சின்னக் கொட்டாங்கச்சியை வாய்மேல் வெளியே கவிழ்த்துக் கட்டுவோம். அவர் ஓய்வு பெறும்வரை, துப்பாக்கியை வாங்கும் ஒவ்வொரு நாளும் கொட்டாங்கச்சியை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுச் சொல்வார்.

"ஒண்ணுங்க. எண்ணிக்குங்க."

நானும் எண்ணிக்கொள்வேன்.