தர்மேந்திரன் வரைந்த பதினொரு ஆமைகள்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஓவியர் தர்மேந்திரன் வீட்டுக்கு வழி கேட்டால், "ஆமை வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கோயில் சுவர், சாப்பாட்டுக் கடைச் சுவர், பாலர் பள்ளிச் சுவர் என்று முப்பது வருடமாக ஈப்போ முழுக்க வரைந்தவர் அவர். ஆனாலும் அந்தத் தெருவில் பெயர் வாங்கியது ஆமைதான்.

பதினைந்து வருடத்துக்கு முன் குனோங் ராபாட்டில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்குச் சுவரோவியம் வரையப் போயிருந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஓர் ஆப்பிரிக்க ஆமை இருந்தது. அவர் தூரிகையை எடுக்கும்போதெல்லாம் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. வேலை முடிந்த அன்று ஆமை வளர்க்கும் லைசன் தாளோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் வளரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எத்தனை பேர் சாப்பிடும் தட்டு என்று சொல்லவில்லை.

அவருடைய மனைவி கலாதேவி கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க. தெரியும்தானே?"

"அது தானா புகுந்தாதான் கலா. இத நான் காடியில ஏத்திக் கூட்டிட்டு வந்தேன்."

ஆமை தங்கிவிட்டது.

தர்மேந்திரன் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார். ரப்பர் நிரைகளைப் பார்வையிட வரும் தோட்டத்துத் துரை போல, காலையில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றும். எது எதிரே வந்தாலும் ஒதுங்காது. செருப்பு அலமாரி, பூந்தொட்டி, காலியான சமையல் கேஸ் தோம்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போகும். பத்தாவது வருடத்தில் முப்பது கிலோவைத் தாண்டியது. பக்கத்து வீட்டு நவமணி அக்கா ஒருநாள் கால் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, ஒரு கிண்ணம் சுண்டல் கொடுக்க வந்தார். துரைக்குச் செம்பருத்திப் பூ என்றால் உயிர். நகத்தைப் பூவென்று நினைத்துவிட்டது. அன்றிலிருந்து நவமணி அக்கா வேலிக்கு அப்பால் நின்றே சுண்டல் கொடுத்தார்.

இதெல்லாம் தர்மேந்திரனைப் பாதிக்கவில்லை. அவர் வரைந்த வாழையிலைக் கடைச் சுவரில் மேசைக்கடியில் ஓர் ஆமை வந்தது. பாலர் பள்ளிச் சுவரில் ரயில் வண்டி ஓட்டியது ஆமை. ஒரு கல்யாண மேடைத் திரையில் மயிலுக்குப் பின்னால் கொஞ்சம் ஓடு தெரிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பாதிப்பேர் கவனிக்கவே இல்லை.

போன வருடம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட தோட்டம். கோயில் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. கும்பாபிஷேகத்துக்கு முன் உள்சுவரில் தசாவதாரம் வரைய வேண்டும். கோயில் தலைவர் ஜெயபாலன் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். கறாரான மனிதர்.

கலாதேவி வேலைக்குப் போய்விடுவதால் தர்மேந்திரன் துரையை வேனில் ஏற்றிக்கொண்டு தினமும் அங்கே போனார். அது கோயில் புல்லை மேய்ந்தது. அவர் கூர்மாவதாரத்துக்குப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மோட்டார்சைக்கிள் இடித்துத் துரையின் ஓட்டில் விழுந்த பள்ளத்தைக்கூட விடவில்லை. மற்ற ஒன்பது அவதாரத்துக்கும் சேர்த்துப் பதினெட்டு நாள்தான்.

கும்பாபிஷேகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஜெயபாலன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்வையிட வந்தார்.

"கூர்மத்துல ஆமை இருக்கணும், சரி. வாமனர் காலடியில என்ன வேல?"

"வெயிலுக்குக் குடை நிழல்ல ஒதுங்கியிருக்கு அண்ணே."

"நரசிம்மர் தூண் பக்கத்துல?"

"தூண் ஒடஞ்ச சத்தம் கேட்டு வந்திருக்கு."

"பரசுராமர் பின்னால?"

தர்மேந்திரன் கொஞ்சம் யோசித்தார். "அது சும்மா வந்திருக்கு அண்ணே."

ஜெயபாலன் விரல்விட்டு எண்ணினார். மொத்தம் பதினொன்று.

"ராமர் முகத்தப் பாரு. கண்ணு ரெண்டும் ஆமைக் கண்ணுலா."

"பொறுமையான கண்ணுதானே அண்ணே. ராமருக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

"கண்ணு இருக்கட்டும். கூர்மம் தவிர மிச்சப் பத்தும் வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும்."

தர்மேந்திரன் தூரிகையை எடுத்தார். ஒன்றைப் பானையாக்கினார். இன்னொன்றைத் தாமரை இலையாக்கினார். பரசுராமருக்குப் பின்னால் இருந்ததைப் பாறையாக்கும்போது கண் கலங்கியது. வார்னிஷ் நெடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வியாழக்கிழமை மதியம் ஆறாவதை முடித்துவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கினால், துரையைக் காணவில்லை.

புல்வெளியில் இல்லை. வேனுக்கடியிலும் இல்லை. ஆமை தொலைந்துவிட்டது என்று ஓடி ஓடித் தேடுவதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அது நடக்க ஆரம்பித்தால் நிற்காது என்பதும் தெரியும். கலாதேவிக்குப் போன் செய்தார்.

"தொரையக் காணோம் கலா."

போனது சனியன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தார்.

"எந்தப் பக்கம் போச்சு? நான் வாரேன்."

அரை நாள் விடுப்புப் போட்டு, வழியில் பசாரில் இரண்டு கட்டு கங்கோங் கீரை வாங்கிக்கொண்டு கலாதேவி வந்து சேர்ந்தார். செம்பனை வரிசைகளுக்குள் கீரையை ஆட்டிக்கொண்டே, "செல்லம், அம்மாடா, வாய்யா" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். தர்மேந்திரன் அந்தப் பெயரை வீட்டில் கேட்டதே இல்லை. எவ்வளவு நாளாக இது நடக்கிறது என்று கேட்க நினைத்தார். அது கேட்கும் நேரமாகத் தெரியவில்லை. குலை வெட்டும் ஆட்கள், பந்தல் போட வந்தவர்கள் எல்லாரும் தேடினார்கள். கும்பாபிஷேக நேரத்தில் ஓர் உயிர் தொலையக் கூடாது என்று ஜெயபாலனும் இறங்கிவிட்டார்.

அவர்தான் கண்டுபிடித்தார். யாகசாலைக்குப் பின்னால், கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டில் பின்னங்கால்களால் குழி பறித்துக்கொண்டிருந்தது. தூக்கலாம் என்று குனிந்தார். அது சீறியது. குழிக்குள் வெள்ளையாக ஏதோ விழுந்தது.

"தர்மா," என்றார் மெதுவாக, "ஒன் தொரை முட்டை போடுதுய்யா."

எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். கலாதேவிதான் பேசினார்.

"பதினாலு வருசமா வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ள இருந்திருக்கு. நகம் மொதக்கொண்டு வரையிறீங்க, ஒரு தடவ திருப்பிப் பாக்கலயா?"

"முப்பத்தெட்டு கிலோ கலா."

"சின்னதா இருக்கறப்ப?"

"அப்ப... கூச்சப்படும்னு பாக்கல."

பத்தொன்பது முட்டை. தோட்டத்துப் பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு தட்டு கொண்டுவந்தார்கள். ஒருவர் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுபோலப் பூண்டுக் குழம்பே வைத்துவிட்டார். துரை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த சாமந்தியைத் தின்றது. முட்டையிட்டு முடியும்வரை ஜெயபாலன் வெயிலில் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தர்மேந்திரனிடம் வந்தார்.

"சரி, ரெண்டு இருக்கட்டும். கூர்மமும், வாமனர் கொடைக்குக் கீழ இருக்கறதும்."

"பரசுராமர்கிட்ட இருந்தது..."

"அது பாறையாவே இருக்கட்டும்."

ஈப்போவில் மிருக வைத்தியர் முட்டைகளைப் பார்த்துவிட்டு, ஆண் துணை இல்லாமல் இட்டவை, பொரிக்காது என்று சொன்னார். திரும்பும்போது கலாதேவி வேனில் முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக் கொல்லையில் செம்பருத்திக்கு அடியில் அவரே குழி வெட்டிப் புதைத்தார். தர்மேந்திரன் மண்வெட்டி கேட்டும் கொடுக்கவில்லை.

லைசன் புதுப்பிக்கப் போன இடத்தில் இன்னொரு சங்கடம். இத்தனை வருடமும் படிவத்தில் ஆண் என்றே எழுதியிருந்தார். இம்முறை பெண் என்று எழுதினார். முகப்பிலிருந்த மலாய்ப் பெண் இரண்டு தாளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, எப்போது மாறியது என்று கேட்டார்.

"அது மாறல," என்று தனக்குத் தெரிந்த மலாயில் தர்மேந்திரன் விளக்கினார். "எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சது."

கும்பாபிஷேகம் நல்ல மழையில் நடந்தது. தோட்டத்துச் சனங்கள் ஆமைக்குத் துரைசானி என்று பெயரை மாற்றிவிட்டார்கள். துரை என்றபோதும் அது திரும்பியதில்லை, இதற்கும் திரும்பவில்லை.

இந்த மாதம் தர்மேந்திரன் தஞ்சோங் மாலிமில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரைந்துகொண்டிருக்கிறார். சோறு, கறி, அப்பளம் மட்டும் போதும் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, இப்போது காலை ஷிப்டுக்கு மாறிவிட்ட கலாதேவி வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, ஆமையின் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்கிறார். தர்மேந்திரன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அது கீரை தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.