பூசையில் வைத்த பொல்லு

அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசற்கதவை அகலத் திறந்து பிடிக்க வேண்டியிருந்தது. கதவு ஒன்றும் சின்னக் கதவு இல்லை. ஆனாலும் ஒரு தோளைச் சரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். கையில் உடுப்புப் பை ஒன்று, நீளமான பை இன்னொன்று. நீளப் பைக்குள் இரண்டு பொல்லுகள் இருந்தன. பேஸ்போல் அடிக்கிற மட்டையைத்தான் சொல்கிறேன். அதை மட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடியில் மெலிந்து, போகப்போக உருண்டு தடித்து வருகிற சாமானுக்கு எங்கள் பக்கத்தில் பொல்லு என்றுதான் பெயர்.

இது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, சிட்னியில். மகள் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. அவளோடு வேலை செய்கிற ஒருத்தியின் புருஷன் ஒரு பேஸ்போல் கழகத்துக்காக ஓடித் திரிகிறவர். வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரரை அந்தக் கழகம் ஹோட்டலில் விடாது, யாராவது ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கும். பேரன் மெல்பேணுக்குப் படிக்கப் போனதால் எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. "ஒரு சமர், ஒரு கோடை மட்டும்தானே அம்மா" என்றாள் மகள். நானும் ஓம் என்றேன். ஆள் வந்த பிறகுதான் தெரிந்தது, இது ஒரு அறைக்குள் அடங்குகிற ஆள் இல்லை என்று.

அவன் பேசுவது ஸ்பானிஷ். நான் பேசுவது தமிழ். நடுவில் இருவருக்கும் கொஞ்சம் இங்கிலிஷ், மிச்சத்துக்குக் கை இருந்தது. முதல் நாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு வைத்தேன். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தான். அவனுடைய ஊரிலும் அதுதானாம் சாப்பாடு. வாழைக்காய் பொரித்தால் அதுவும் அவர்களிடம் உண்டாம். எத்தனையோ கடல் தாண்டி வந்து சிட்னியில் மரவள்ளிக்கிழங்கைக் கண்டதும் ஆளுக்கு வெட்கம் போய்விட்டது. அதன் பிறகு குசினிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

அவன் கதையை நான் அங்கே வைத்துத்தான் கேட்டேன். அவனும் என்னைப் போல ஒரு தீவில் பிறந்தவன். கரும்பு வெட்டுகிற ஊர். வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியை முறித்து, போத்தல் மூடியை எறியச் சொல்லி அடித்துப் பழகியிருக்கிறான். பதினாறு வயதில் அமெரிக்காக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே சின்னச் சின்ன ஊர்கள், சின்ன மைதானங்கள், நித்திரை எல்லாம் பஸ்ஸுக்குள்ளே. கடைசியில் ஒருமுறை பெரிய ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கோடை முழுவதும்கூட வைத்திருக்கவில்லை. ஆனால் அங்கே அவன் அடித்த ஓர் அடி மேல்தட்டுக் கதிரைகளுக்குள் போய் விழுந்ததாம். என் அகப்பையைப் பிடுங்கி, காலை அகட்டி நின்று, அதை எனக்கு அடித்துக் காட்டினான். சாம்பார் முகட்டில் தெறித்தது. பிறகு தோள் நோவு வந்தது. பிறகு மெக்சிக்கோ. அதற்குப் பிறகு எங்கள் பேரனின் கட்டில்.

அவன் ஆடுவதைப் பார்க்க முதல் தரம் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றில் பந்து மதிலுக்கு வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் மூன்று தரம் காற்றில் வீசி ஆட்டமிழந்து திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவான். அன்றைக்கு முழுவதும் காற்றுதான். வரும் வழியில் காருக்குள் கேட்டேன்.

"ஏன் தம்பி, மெல்லமாத் தட்டிப்போட்டு ஓடினால் என்ன?"

மகள் அதை இங்கிலிஷில் சொல்லிக் கொடுக்க, அவன் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"நோ, அன்ரி. தட்டி ஓடுறதுக்கு வேற ஆள் இருக்கு. ஃபார், தூரத்துக்கு அடிக்கிறது. அதுதான் என்ர வேலை."

"அப்ப அந்த வேலையைச் செய்யன்."

மகள் இதைச் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்றாள். அவன் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு சிரித்தான். ஆனால் அது உள்ளே இருந்து வந்த சிரிப்பு இல்லை.

ஏனென்று மகள் வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள். வெளிநாட்டுக்காரருக்குக் கழகத்தில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அதற்கு இவனும் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் இளம் பெடியனும். பயிற்சி ஆட்டங்களில் பார்த்து ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவனை அனுப்பிவிடுவார்கள். போன ஆட்டத்திலும் இவனுக்கு ஓர் அடியும் விழவில்லை, இந்த ஆட்டத்திலும் விழவில்லை. இனி ஓர் ஆட்டம்தான் மிச்சம். இங்கேயும் வேண்டாம் என்றால் விளையாட்டே போதும், ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று பெண்சாதிக்குச் சொல்லிவிட்டு வந்தவனாம். "பாவம் அம்மா, வேற ஒண்டும் தெரியாது அவருக்கு" என்றாள்.

அந்த நேரம் நவராத்திரி. சரஸ்வதி பூசையன்று வீட்டில் யார் யார் என்ன தொழில் செய்கிறார்களோ அந்தச் சாமானைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமியறையில் அடுக்குவது எங்கள் வழக்கம். மருமகனுடைய ஸ்பானர்கள், மகள் நோயாளிகளின் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற பழைய குழாய், என்னுடைய தையல் மெசின். வீட்டில் தொழில் செய்கிறவன் இன்னும் ஒருவன் இருந்தானே! அவன் காலையில் ஓடப் போயிருந்த நேரம் இரண்டு பொல்லையும் எடுத்து, பிடியில் ஊறியிருந்த அழுக்கை ஈரத்துணியால் துடைத்து, தடித்த இடத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூச் சாத்தினேன். அவலும் கடலையும் படைத்து, கற்பூரம் காட்டி, பூசையும் முடிந்தது.

பூசையில் வைத்த சாமானை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். அதுவரை தொடக்கூடாது. மகள் வேலையால் வந்து சாமியறையை எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ அம்மா! உங்களுக்கு விசரே? இண்டைக்குப் பின்னேரம் அவருக்கு மட்ச்!"

"எனக்கு ஆர் சொன்னது?"

"எடுங்கோ அதை."

"நீ வேணுமெண்டால் எடு. நான் எடுக்கமாட்டன்."

அவளும் எடுக்கவில்லை. வாய்தான் காட்டுவாள், பூசைச் சாமானில் கை வைக்க அவளுக்கும் பயம்.

அவன் வேர்வையோடு வந்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான், பிறகு அறைக்குள் பார்த்தான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாசற்படியில் நின்றான். சரஸ்வதிக்கு முன்னால், ஸ்பானர்களுக்கும் தையல் மெசினுக்கும் நடுவில் அவனுடைய பொல்லுகள் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்தன. மகள் எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். எடுத்துக்கொண்டு போங்கள், சாமி கோபிக்காது என்றும் சொன்னாள். பேஸ்போல்காரர் நாங்கள் இப்படியான விசயத்தில் விளையாட மாட்டோம் என்றான். சின்னனில் அவன் தாயும் தும்புத்தடிப் பொல்லை மாதா படத்துக்கு முன்னால் வைத்துத்தான் கொடுப்பாளாம்.

"டுமாரோ?" என்று என்னைக் கேட்டான்.

"ஓம். நாளைக்கு."

தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு போனான்.

பின்னேரம் நானும் போனேன். வழி முழுக்க மகள் வாய் ஓயவில்லை.

"அவரை அனுப்பினால் நீங்கள்தான் பொறுப்பு."

"சரஸ்வதி பொறுப்பு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மனதுக்குள் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஒரு பொல்லுக் கேட்டான். பக்கத்தில் இருந்தவன் யார்? அந்த இளம் பெடியன்தான். அவனும் முகம் சுளிக்காமல் எடுத்து நீட்டினான். நல்ல தாய் வளர்த்த பிள்ளை. ஆனால் அந்தப் பொல்லு மெல்லியது, பாரம் குறைந்தது. இவன் கையில் அது அகப்பை போல இருந்தது. இரண்டு தரம் வீசிப் பார்த்துவிட்டு, முகத்தைக் கோணிக்கொண்டு போய் நின்றான்.

முதல் தரம் மூன்று வீச்சும் காற்று. மகள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்த ஆட்டத்தில் பந்து கடந்து போன பிறகுதான் பொல்லு வந்தது. இன்றைக்குப் பொல்லு பந்தை முந்திக்கொண்டது. அடுத்த தரம் வந்தபோது அவன் ஒரு கணம் பொறுத்தான். சத்தம் கேட்டது. மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். பந்து மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, மதிலையும் தாண்டி, கார் நிற்பாட்டுகிற இடத்துக்கு மேலாகப் போனது. அவன் ஓடவில்லை, நடக்கிற மாதிரிச் சுற்றி வந்தான். நான் எழும்பி நின்று கை தட்டினேன். அவன் கடைசியாக வந்தபோதும் அதே மாதிரி இன்னொன்று.

திரும்பும்போது காருக்குள் அவன் சந்தோசமாக இல்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். என்னவென்று மகள் கேட்டாள். இளமையிலிருந்து பிடித்த பாரப் பொல்லு இப்போது தன் கைக்குப் பாரம், இவ்வளவு நாளும் அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை என்றான். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற பட்டையை நான் இழுக்க முடியாமல் விட்டதை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிய பொல்லுகளை எடுத்துக் கொடுத்தேன். தொழிலைக் கொஞ்சமாவது செய்ய வேண்டும், அதுதான் முறை என்றேன். முற்றத்தில் உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் நின்று ஒன்றால் மெல்ல வீசினான். அப்போது ரெலிபோன் வந்தது. பொல்லைப் புல்லில் வைத்துவிட்டு எடுத்தான். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கனக்கப் பேசவில்லை, கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு உள்ளே வந்து என் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஸ்டே, அன்ரி" என்றான். "இந்த சமர் முழுக்க."

அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது என்று உடனே கேட்டேன். அவனை மெல்பேண் பக்கத்துக் கழகம் ஒன்று எடுத்துக்கொண்டதாம். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு அவன் தன் பெண்சாதிக்கு எடுத்தான். அவள் அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. அவன் என்னவோ சொல்லி, ரெலிபோனை என் காதில் வைத்துவிட்டான். அவள் படபடவென்று ஸ்பானிஷில் பேசினாள். நான் விடுவேனா?

"அழாதை பிள்ளை. நல்லாச் சாப்பிடுறான். பொல்லைத்தான் மாத்த வேணும், ஆள் சரி" என்றேன்.

அவள் ஏதோ கேட்டாள். ஓம், ஓம் என்றேன். அவளும் ஓம் என்றாள்.