சம்பந்தி வீட்டில் நாலு நாள் மழை

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்? அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்கிற கழுத்து உனக்கு. அது சுளுக்கிக்கொண்டால் தைலம் தேய்க்க நான் வர மாட்டேன். கடலுக்குப் போனாயே, என்ன ஆயிற்று என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறாய். கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு அங்கே இருந்தது. நான்தான் மாட்டிக்கொண்டேன். உட்கார், சொல்லித் தொலைக்கிறேன்.

பேத்திக்கு அரையாண்டுப் பரீட்சை லீவு. மருமகன் வேன் பிடித்து எங்களையெல்லாம் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. இத்தனை வயதுக்கு நான் கடலைப் பார்த்ததில்லை. பெரம்பலூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஆனால் வேன் புறப்படுவது என் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து. ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காடுகளுக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஓடை ஓடுகிற ஊர். அங்கேதான் வில்லங்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பேத்திக்குக் காது குத்தினோம். தாய்வீட்டு வரிசையாக இருபத்தொரு தட்டு கொண்டுபோனேன். மருமகனின் அம்மா, அதாவது என் சம்பந்தி, சபை நடுவில் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"பழம் கறுத்துல்ல கெடக்கு. இதுதான் பெரம்பலூர் டவுனு மொறையா?"

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "இனிமே இந்த வூட்டுப் பச்சத் தண்ணி என் பல்லுல படாது" என்று சொல்லிவிட்டு, இலையில் உட்காராமல் வந்துவிட்டேன். அதற்கப்புறம் மகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லித்தான் பார்ப்பேன்.

இந்தத் தடவை வாசலில் அஞ்சு நிமிஷம் நிற்பது, வேன் ஏறுவது, அவ்வளவுதான் என் கணக்கு. வாசலில் கால் வைக்கவும் மழை பிடித்தது. சாதாரண மழையா அது. வேன்காரன் போன் பண்ணி, தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, வர முடியாது என்றான். சாயங்காலத்துக்குள் இன்னொரு ஓடையும் ரோட்டை மூடிவிட்டது. கரண்ட் போயிற்று. போனும் செத்தது. பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடலாம் என்றால் அந்தத் தெரு முழுக்க சம்பந்தியின் பங்காளிகள்.

கையில் இருந்தது வழிக்குக் கட்டிய புளிச்சோறு, ஒரு பை முறுக்கு, ஒரு பாட்டில் தண்ணீர். புளிச்சோறு முதல் நாளோடு தீர்ந்தது. மறுநாள் முறுக்கைப் பேத்தி தின்றது போக மிச்சம் நான் தின்றேன். எனக்கோ சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டால் சோறு வேண்டும். சாப்பிட்டால் என் சொல் போகும். சாப்பிடாவிட்டால், நான் கிளம்பிய பிறகு பேச்சு வாங்கப்போவது என் மகள்.

"அம்மா, என் மூஞ்சிக்காவது ரெண்டு வாய் சாப்புடும்மா."

"ஒன் மூஞ்சியப் பாத்தா பசி கொஞ்சம் அடங்குதுடி. இன்னும் சித்த நேரம் அப்புடியே நில்லு."

அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாட்டில் காலியானதும் டம்ளரை ஓட்டு இறவாரத்தில் நீட்டி மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தேன். மழைக்காக ஒரு வெள்ளாட்டைக் கூடத்து ஓரமாகக் கட்டியிருந்தார்கள். சம்பந்தி என்னிடம் பேசுவதில்லை, ஆட்டிடம் பேசினாள்.

"பாத்தியா குட்டி, வானத்துத் தண்ணின்னு நெனச்சுக் குடிக்கிறாங்க. ஓடு யாரு வூட்டு ஓடாம்?"

நானும் ஆட்டிடமே சொன்னேன். "சூதானமா இரு குட்டி. மூச்சு வுடுறதுக்கும் வாடக கேப்பாங்க."

சொல்லிவிட்டேனே தவிர ரோஷம் விடவில்லை. முற்றத்து நடுவில் இறங்கி நின்று டம்ளரை வானத்துக்குக் காட்டினேன். குடைகூட அவர்கள் வீட்டுக் குடை, எடுக்கவில்லை. முழுசாக நனைந்து அரை டம்ளர் பிடித்தேன். கடலுக்கென்று வைத்திருந்த புதுப் புடவையை உடுத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்து நடுங்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சம்பந்தி ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு ஆட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"அரிசி அவங்க பொங்கலுக்கு அனுப்புனது. தண்ணி முத்தத்துல அண்டா வச்சுப் புடிச்சது, ஓட்டுத் தண்ணி இல்ல. வெறகு எங்களுது, அது பொகையாப் போயிருச்சு. உப்புப் போடல. போட்டா எங்க வூட்டு உப்பாயிரும்."

பொங்கலுக்கு அனுப்பிய அரிசி மார்கழி வரைக்கும் எப்படி இருக்கும்? மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து என் காதில் சொன்னாள்.

"மூணு வருசமா நம்ம அனுப்புற எதையும் அத்த தொட்டதில்லம்மா. வேப்பெல போட்டு மூட்டையாவே வச்சிருந்தாங்க. இன்னைக்கித்தான் அவங்களே கட்ட அவுத்தாங்க."

சம்பந்தியும் என்னைப் போலவே ஒரு சபதம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை பார்.

கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தேன். சப்பென்று இருந்தது. மூன்று வருஷம் கழித்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணி, கொஞ்சம் உப்புப் போடுங்க. மாட்டுக்குக்கூட இப்புடி வைக்க மாட்டாங்க."

"எவ்ளோ?"

"கை எவ்ளோ வருதோ அவ்ளோ."

உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மகள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாளோ சிரித்தாளோ, மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

அதற்கப்புறமாவது விடுதலை என்று நினைக்காதே. நாலாம் நாளும் ஓடை வடியவில்லை. அதுவரை பசியால் மாட்டியிருந்தவள், அன்றைக்குச் சாப்பாட்டால் மாட்டினேன். காலையில் இட்லி, மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, நடுவில் முந்திரிப் பருப்பு, கூடவே மூன்று வருஷம் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சு. ஆட்டைத் தவிர யாருக்கும் வாய் ஓயவில்லை. ஐந்தாம் நாள் காலை பஸ் வந்தது. லீவும் முடிந்தது. நான் தரங்கம்பாடி பக்கம் திரும்பாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

சம்பந்தி அவள் தெருவில், பெரம்பலூர்க்காரி கையேந்தி உப்புக் கேட்டாள் என்று சொன்னாளாம். மகள் போனில் சொன்னாள். சொல்லட்டும், பாதி நிஜம்தானே.

எங்கள் தெருப் பெண்கள் கடலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். நான் சொன்னேன்: "கடலு கெடக்குது. எங்க சம்பந்தியம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, அண்ணி நீங்க சாப்புடாட்டி நானும் பட்டினின்னு ஒரே அழுவை. பாவம், வயசானவங்க. போனாப் போவுதுன்னு ரெண்டு வாய் குடிச்சேன்."