திரேசம்மா அன்ரி கட்டித் தந்த முடிச்சு

சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோதுதான் கேள்விப்பட்டேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பின்னால் திரும்பி, யாருக்கோ சொன்னார்: "நாய்க்கார மனுசி விடியப்புறம் மோசம் போயிட்டாவாம். தொய்வு கூடி மூச்செடுக்கேலாமல் போச்சாம். ஆசுப்பத்திரியிலை மருந்து இல்லையாம்." என் கையிலிருந்த வெற்றுப் போத்தலைக் கீழே வைத்தேன். அழவில்லை. வரிசையில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று பயமாக இருந்தது.

கொக்குவிலில் பலர் அவரை 'நாய்க்கார மனுசி' என்றுதான் அறிவார்கள். அவருடைய பெயர் திரேசம்மா. குருநகர்க்காரர். கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கியபோது ஒரு பையோடு இங்கே வந்தவர். கனடாவுக்குப் போன ஒரு குடும்பம் தங்கள் வீட்டையும் வளவையும் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் விட்டிருந்தது. அந்த வீட்டு நாயையும் விட்டுப் போயிருந்தார்கள். அது முதலாவது. பிறகு ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுச் சென்ற நாய்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சிலதை அவரே போய்க் கூட்டி வந்தார். சந்தையில் மீன் தலை வாங்கி, குறுணல் அரிசியோடு கஞ்சி காய்ச்சி ஊற்றுவார். நாய் மயிர் தொய்வுக்குக் கூடாது என்று தேவாலயச் சுவாமியார்கூடச் சொல்லிப் பார்த்தாராம். "மயிரைப் பாத்தால் உயிரைப் பாக்கேலாது சுவாமி" என்றாராம்.

பக்கத்து வீட்டில் சைக்கிள் களவு போனபோது எங்களுக்கும் ஒரு நாய் வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு நாய் என்றால் பயம். படலையைத் திறந்ததும் பத்துப் பன்னிரண்டு நாய்கள் ஓடி வந்தன. நான் அப்பாவின் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"குட்டி ஒண்டு இருந்தால் தாங்கோ" என்றார் அப்பா. "வளந்த நாய் பழகாது."

"குட்டியை ஆரும் எடுப்பினம் மாஸ்ரர். நாங்கள் எல்லாரும் வளந்தாப் பிறகுதானே இஞ்சை வந்து சேர்ந்தனாங்கள்? பழகேல்லையோ?" என்றார் திரேசம்மா அன்ரி.

அப்பா பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் எதிர்த்துப் பேச விடமாட்டார். அன்றைக்குச் சிரித்துவிட்டார்.

மதிலோரம் செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு ஒரு பெரிய செம்மறை நாய் எங்களைப் பார்க்காமல் படுத்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. வந்து ஒரு கிழமையாம், பெயர் தெரியாதாம். அன்ரி புதுப்பெயர் வைக்க மாட்டார். "வீடும் போச்சு, ஆக்களும் போச்சினம். பேரையும் நாங்கள் பறிக்கிறதோ?" என்பார். தெரிந்த பெயர்களை எல்லாம் கூப்பிட்டுப் பார்ப்பார். எது காதில் விழுந்து தலை திரும்புகிறதோ அதுதான் பெயர். அன்றும் கூப்பிட்டார். ஜிம்மி, சீசர், ரொமி, மணி, கறுப்பன். "செம்மறை நாயைக் கறுப்பன் எண்டால் அதுக்குக் கோவம் வராதோ?" என்றார் அப்பா. அதன் உருவத்தைப் பார்த்த பயத்தில் நான் எனக்குள்ளே "வீமன்" என்று முணுமுணுத்தேன். கிழிந்த காது நிமிர்ந்தது. எழுந்து நேரே என்னிடம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் பாதத்தில் ஈரமாக ஏதோ பட்டது. அவனுடைய மூக்கு.

"உன்ரை வாயிலை எல்லோ பிள்ளை அவன்ரை பேர் இருந்திருக்கு. இனி நீதான் கூட்டிக்கொண்டு போகோணும்" என்றார் அன்ரி.

அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். சங்கிலி போடக்கூடாது. கட்டத்தான் வேண்டுமென்றால் கயிற்றால், அவர் காட்டித்தரும் முடிச்சால் கட்ட வேண்டும். வள்ளத்தைக் கட்டும் முடிச்சாம். எவ்வளவு பாரம் இழுத்தாலும் நிற்கும், ஆனால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கழன்றுவிடும். அந்த நுனியை நாயின் வாய்க்கு எட்டும்படி தொங்க விடவேண்டும்.

"உது கட்டினதோ, கட்டாததோ?" என்று கேட்டார் அப்பா.

"கட்டினதுதான் மாஸ்ரர். அவன் நிக்க விரும்பிற வரைக்கும்."

ஏன் என்று நான் பிறகொரு நாள் கேட்டேன். குருநகரை விட்டு வந்தபோது தன்னுடைய நாய் ராணியை வீட்டுத் தூணில் கட்டிவிட்டு வந்தாராம். பின்னேரம் திரும்பிவிடலாம் என்று நினைத்தாராம். வீட்டைக் கள்ளர் உடைக்காமல் அது பார்த்துக்கொள்ளும் என்றும் நினைத்தாராம். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் போக முடிந்ததாம். என்ன கண்டார் என்று சொல்லவில்லை. "நல்லா இறுக்கிக் கட்டினனான் பிள்ளை. அதுதான் நான் விட்ட பிழை" என்று மட்டும் சொன்னார்.

இனி எழுதப்போவதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டாம் மாதமே அப்பா சங்கிலி வாங்கிவிட்டார். கயிற்றில் நின்ற நாய் காவலுக்கு உதவாது என்றார். நான் வாய் திறக்கவில்லை. அன்ரி என்னை வீதியில் கண்டு, "கயிறுதானே பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் அன்ரி, கயிறுதான்" என்றேன்.

போன மாதம் ஊருக்குள் செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் நாங்கள் புத்தூருக்கு, பெரியம்மா வீட்டுக்கு ஓடினோம். "பின்னேரம் வந்திடலாம், வீமன் வீட்டைப் பாப்பான்" என்றார் அப்பா. அதே சொல். எனக்கு ராணியின் ஞாபகம் வந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மூன்று இரவுகள் திரும்ப முடியவில்லை. நான் சாப்பிடாததற்குக் காய்ச்சல் என்று அம்மா நினைத்தார்.

திரும்பி வந்தபோது சங்கிலி கிணற்றுக்கட்டில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அப்பா வீட்டைத் திறக்கப் போனதால் அதைக் காணவில்லை. ஊரைவிட்டுப் போகாமல் இருந்த முன்வீட்டுக் கிழவர் என்னிடம் சொன்னார்: "உவ திரேசம்மா செல்லுக்குள்ளாலை வந்தவ பிள்ளை. சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு வீடு வீடாப் போனவ. ஒவ்வொரு மதிலிலையும் பிடிச்சுப் பிடிச்சு நிண்டு மூச்செடுத்தவ." தான் கொடுத்த நாய்கள் எல்லாவற்றையும் பார்க்கப் போயிருக்கிறார். சங்கிலியில் நின்றது எங்கள் வீமன் மட்டும்தான்.

அப்பாவும் நானும் அவருடைய வளவுக்குப் போனோம். வீமன் ஓடி வந்து என் மேல் ஏறினான். "எப்பிடி இஞ்சை வந்தவன்?" என்றார் அப்பா. அன்ரி என்னைப் பார்த்தார்.

"கழட்டிக்கொண்டு ஓடி வந்திட்டான் மாஸ்ரர். கெட்டிக்காரன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினார். அப்பா முன்னால் நடக்க, என்னைக் கையில் பிடித்து நிறுத்தினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "பயத்திலை சொன்ன பொய் எண்டு தெரியும். நானும் பயத்திலைதான் அண்டைக்கு இறுக்கிக் கட்டினனான்" என்றார். அவ்வளவுதான். அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. அந்த நடைதான் அவருடைய தொய்வைக் கூட்டியது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

செத்தவீட்டன்று நாய்கள் படலைக்கு வெளியே வரிசையாகப் படுத்திருந்தன. தூக்கிக்கொண்டு போனவர்கள் அவற்றைக் கடந்துதான் போனார்கள். ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வந்தவர்களில் நான்கு பேர் ஆளுக்கு ஒன்றைக் கூட்டிப் போனார்கள். இன்னும் ஆறு நிற்கின்றன. எல்லாம் வளர்ந்தவை. அவரை அறிந்தவர்களே, முப்பத்தோராம் நாள் நினைவுக்கு நீங்கள் வரும்போது பூ கொண்டுவர வேண்டாம். ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெயர்களை மாற்றாதீர்கள். எனக்கு ஆறு பெயரும் தெரியும்.

வீட்டில் எல்லோரும் நித்திரை. ஜாம் போத்தல் விளக்கை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளைக்கு மறுபடியும் புத்தூருக்குப் போகலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வீமன் மறுபடியும் சங்கிலியில் நின்றான்.

அன்ரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு முடிச்சு. சற்று முன்னர் அதைப் போட்டுவிட்டு வந்தேன். மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினேன். நுனி வீமனின் வாய்க்கு எட்டுகிறது. அவன் அதை மணந்து பார்த்துவிட்டு, இழுக்காமல் படுத்துக்கொண்டான். சங்கிலி என் புத்தகப் பைக்குள் இருக்கிறது. விடிந்ததும் அப்பா கேட்பார். இந்த முறை நாய் கழற்றியது என்று நான் சொல்லப்போவதில்லை.