அணியின் சட்டை

உடற்கல்வியியல் படித்துவிட்டு நானும் என் கணவரும் பாளையங்கோட்டையில் ஒரே ஜிம்மில் பயிற்சியாளர்களாக இருந்தோம். காலையில் பெண்களுக்கு நான், சாயங்காலம் ஆண்களுக்கு அவர். வடக்கே ஒரு தொழில்முறை ரக்பி அணி, வீரர்களின் உடல்திறன் பயிற்சிக்கு உதவியாளர் தேடியது. இருவருமே விண்ணப்பித்தோம். அவருக்குக் கிடைத்தது. ஜங்ஷனில் அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. பிரிவு தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இருந்ததெல்லாம் பொறாமை.

தினமும் போன் செய்வார். வீரர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி, யார் எவ்வளவு வேகமாக ஓடினார்கள் என்று சொல்லிவிடுமாம். எதிரணியோடு தோள் முட்டித் தள்ள வேண்டியிருப்பதால் கழுத்துக்கென்றே தனிப் பயிற்சியாம். ஃபிஜி நாட்டுக்காரர் ஒருவர் தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும்போது எடை மாட்டிய கம்பியே வளையுமாம். "சாப்பிட்டீங்களா?" என்று நான் பேச்சை மாற்றுவேன். ஒருமுறை, அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜெயித்த வீரர்களோடு நிற்கும் படத்தை அனுப்பினார். அந்தச் சட்டை எனக்கும் சரியாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது.

போட்டிகள் முடிந்து ஊருக்கு வந்தார். ஜிம்மில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்கள்கூட அவரைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்டார்கள். அவர்கள் போனபிறகு இருவரும் பாரம் தூக்கினோம். நான் தூக்கிய எடையை அவரால் முழங்காலுக்கு மேல் கொண்டுவர முடியவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பைய உட்கார்ந்தார்.

"அங்கன நான் எங்க தூக்குதேன்? மைதானத்துல அடையாளக் கூம்பு வைக்கதும் தண்ணி பாட்டில் நெரப்புததுந்தான். எவனுக்காவது தொடை பிடிச்சிக்கிட்டா என்னயத்தான் வைவாங்க."

மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அப்படியானால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"அத எப்படி விட முடியும்?" என்றார் உடனே.

எனக்கு மறுபடியும் எரிந்தது. மறுநாளே வேறொரு ஊரின் பெண்கள் ரக்பி அணிக்கு விண்ணப்பித்தேன். வீடியோவில் நேர்காணல் நடந்தது. பிரசவத்துக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்பும் வீராங்கனைக்கு எதிலிருந்து தொடங்குவீர்கள் என்று கேட்டார்கள். பிள்ளை பெற்ற எத்தனையோ பேரை என் ஜிம்மில் மூச்சுப் பயிற்சியிலிருந்து ஆரம்பித்துப் பாரம் தூக்கும்வரை கொண்டுவந்திருக்கிறேன். தயங்காமல் சொன்னேன். வேலை கிடைத்தது.

வீட்டை யார் பார்ப்பது என்று மாமியார் கவலைப்பட்டார். கணவர் என் போனை வாங்கி, வந்திருந்த தகவலை இரண்டு தடவை படித்தார்.

"உதவியாளர்னு போடலியே?"

"இல்ல. பயிற்சியாளர்னுதான் போட்டிருக்காங்க."

நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, பெண்கள் அணிக்கும் முதுகில் கட்டும் கருவி தருவார்களா என்று விசாரித்தார். தருவார்கள் என்றேன்.

"புதுசா?"

புதிதுதான் என்றேன். அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநேரம் அடக்க முடியவில்லை.